டிக்கிக்குள் மழை

ஐப்பசி மாதத்து இரவு ஒன்றை நினைத்துப் பாருங்கள். சேர்வராயன் மலைப் பக்கம் மின்னல் வெட்டுகிறது. சேலத்திலும் இராசிபுரத்திலும் நாமக்கல்லிலும் விடிய விடிய மழை. காலையில் வானம் வெளுத்துவிடுகிறது. வீட்டு வாசலில் நிற்கும் பழைய அம்பாசிடர் காரின் டிக்கியைத் திறந்தால் உள்ளே விரித்த பாய் ஊறிக் கிடக்கிறது. ஸ்டெப்னி சக்கரத்தின் அடியில் ஒரு செம்புத் தண்ணீர் தேங்கியிருக்கிறது. டிக்கியின் மூடி சரியாகத்தான் மூடியிருந்தது. பூட்டும் பழுதில்லை. பின் தண்ணீர் எந்த வழியாக வந்தது?

பெரும்பாலோர் உடனே சொல்லும் பதில், "ரப்பர் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்பதுதான். பணம் கொடுத்துப் புது ரப்பர் போடுகிறார்கள். அடுத்த மழையில் மீண்டும் அதே ஒரு செம்புத் தண்ணீர்! இது ஏன் என்று அறிய வேண்டுமானால், காருக்குள் மழை புகாமல் தடுக்க மனிதன் என்னென்ன வழிகளைக் கண்டுபிடித்தான் என்ற வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். அந்த வரலாற்றிலேயே இந்தப் பழுதுக்கான விடையும் இருக்கிறது.

பெயர்கள் சொல்லும் கதை

நாம் அன்றாடம் வழங்கும் 'டிக்கி' என்ற சொல் முதலில் சாமான் வைக்கும் இடத்தைக் குறிக்கவில்லை. குதிரை வண்டிகளில் ஓட்டுநரோ வேலையாட்களோ உட்காரும் வெளி இருக்கைக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் அது. மோட்டார் கார் வந்த பிறகு, இருவர் மட்டும் அமரக்கூடிய சிறிய கார்களின் பின்புறத்தில் ஒரு மூடியைத் திறந்தால் விரியும் கூடுதல் இருக்கைக்கும் அதே பெயர் நிலைத்தது. அதில் உட்கார்ந்தவருக்கு மேலே கூரை கிடையாது. மழை வந்தால் நனைய வேண்டியதுதான். இன்று எந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் புகக்கூடாது என்கிறோமோ, அந்த இடம் தொடக்கத்தில் மழைக்குத் திறந்தே இருந்தது!

அமெரிக்கர்கள் அதே இடத்தை 'டிரங்கு' என்கிறார்கள். நம் வீட்டுப் பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியேதான் அது. பழைய கார்களின் பின்னால் ஒரு தட்டு இருக்கும். பயணத்தின்போது உண்மையான டிரங்குப் பெட்டி ஒன்றை அதன் மேல் வாரினால் கட்டிவிடுவார்கள். பெட்டிக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்வது பெட்டி செய்தவனின் வேலை. கார் செய்தவனுக்கு அந்தக் கவலை இல்லை. 1930-களில் இந்தப் பெட்டி படிப்படியாகக் காரின் உடலோடு ஒன்றிப் போயிற்று. அன்றுதான் டிக்கி ஒழுகலும் பிறந்தது எனலாம்.

'ஸ்டெப்னி' என்ற சொல்லுக்கும் ஒரு பிறப்பிடம் உண்டு. வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரில் ஸ்டெப்னி என்ற தெருவில் 1904-இல் டேவிஸ் சகோதரர்கள் மாற்றுச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கினார்கள். தெருவின் பெயர் சக்கரத்தின் பெயராகி நம் ஊர்ப் பட்டறைகள் வரை வந்து சேர்ந்தது.

மரமும் துணியும்

தொடக்ககாலக் கார்களின் உடல் மரச்சட்டத்தால் ஆனது. சட்டத்தின் மேல் மெல்லிய தகடுகளை ஆணியடித்துப் பொருத்தினார்கள். முழு இரும்பு உடல் 1910-களில் அமெரிக்காவில் தோன்றியது. ஆனால் கூரையின் நடுப்பகுதி மட்டும் பல ஆண்டுகள் துணியாகவே இருந்தது. காரணம் எளியது: கூரை அளவுக்கு அகலமான ஒரே தகட்டை அழுத்தி வளைக்கக்கூடிய எந்திரமும், அவ்வளவு அகலத் தகடும் அன்று கிடைக்கவில்லை. ஆகவே மரச் சட்டங்களின் மேல் எண்ணெய்ப் பூச்சுத் துணியை இழுத்துக் கட்டினார்கள். வெயிலில் துணி வெடிக்கும், மழையில் ஒழுகும். 1935-ஆம் ஆண்டுக் கார்களில்தான் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஒரே தகட்டில் செய்த இரும்புக் கூரையைப் பெருமளவில் கொண்டுவந்தது.

மரமும் துணியும் பழங்கதை என்று எண்ண வேண்டாம். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரங்களில் இருப்பவர்களுக்கு லாரிக்கு 'பாடி கட்டும்' பட்டறைகள் புதியவை அல்ல. தொழிற்சாலையிலிருந்து வெறும் சேசிஸாக வரும் வண்டிக்கு மரமும் இரும்பும் கொண்டு உடல் அமைக்கும் இந்தத் தொழிலுக்கு நாமக்கல் இந்தியா முழுவதும் பெயர் பெற்றது. அங்கே சரக்கைக் காப்பது ரப்பர் அல்ல, தார்ப்பாய். அனுபவமுள்ள ஓட்டுநர் தார்ப்பாயை எப்படிக் கட்டுகிறார் என்று கவனியுங்கள். சரக்கை நடுவில் உயர்த்தி, இருபுறமும் சரிவாக இருக்கும்படி பாயை இழுத்துக் கட்டுவார். பாயில் பள்ளம் விழ விடமாட்டார். பள்ளம் விழுந்தால் அங்கே நீர் தேங்கும். தேங்கிய நீர் எப்படியும் ஒரு வழி தேடிக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். தண்ணீரைத் தடுப்பதைவிட, அது தேங்காமல் ஓடிவிடச் செய்வதே மேல் என்பது இதன் கருத்து. இந்தக் கருத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

புள்ளி புள்ளியாக ஒட்டிய உடல்

இரும்பு உடல் வந்ததும் கூரை ஒழுகல் குறைந்தது. ஆனால் புதிய சிக்கல் ஒன்று தோன்றியது. காரின் உடல் பல தகடுகளின் சேர்க்கை. அவற்றை இணைக்க உதவுவது 1886-இல் எலிஹு தாம்சன் காப்புரிமை பெற்ற மின்தடைப் பற்றவைப்பு முறை. இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இருபுறமும் செப்பு முனைகளால் அழுத்தி மின்சாரம் பாய்ச்சினால், அந்தப் புள்ளியில் மட்டும் இரும்பு உருகி ஒட்டிக்கொள்ளும். துணியில் தையல் போடுவது போலப் புள்ளி புள்ளியாக இவ்வாறு ஒட்டிக்கொண்டே போவார்கள்.

புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையில் என்ன இருக்கிறது? மெல்லிய இடைவெளி! உடலின் வலிமைக்கு அதனால் கேடில்லை. தண்ணீருக்கோ அது திறந்த கதவு. ஆகவே ஒவ்வொரு இணைப்பின் மேலும் அடைப்புப் பசை பூச வேண்டியதாயிற்று. இந்த யோசனை நம்மவர்க்கு மிகப் பழையது. மரக்கலங்களின் பலகை இடுக்குகளில் நாரைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துப் பூசி அடைப்பதைக் கடற்கரைத் தச்சர்கள் 'கலப்பத்து' என்பார்கள். காரின் தகட்டு இணைப்பில் பூசும் பசையும் ஒரு கலப்பத்துத்தான். எண்ணெய்ப் பசையோ, தார் கலந்த பசையோ, புதிதில் மென்மையாக இருக்கும். இருபது முப்பது கோடை வெயில்களைக் கண்ட பிறகு உலர்ந்து, வெடித்து, பொருக்குப் பொருக்காக உதிரும். பழைய காரின் டிக்கிப் பாயை எடுத்துவிட்டு மூலைகளைப் பார்த்தால் இதைக் கண்ணாரக் காணலாம்.

நம் நாட்டுச் சாலைகளை நெடுங்காலம் ஆண்ட அம்பாசிடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டது. 1950-களின் பிற்பகுதியில் மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதைத் தயாரிக்கத் தொடங்கியது. 2014-இல் உற்பத்தி நின்றது. அதற்குத் தனிச் சேசிஸ் இல்லை. தகடுகளைப் பற்றவைத்த உடலே சட்டமாகவும் அமையும். இவ்வகை உடலில் டிக்கியின் தரை துருப்பிடித்தால் கெடுவது சாமான் வைக்கும் இடம் மட்டுமல்ல. வண்டியின் எலும்பே நோய்ப்படுகிறது.

சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்த 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' இதற்கு நேர்மாறானது. அதன் மூலம் இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு. முழு உடலை அழுத்தித் தரும் பெரிய ஆலை ஒன்றைப் போட்டி நிறுவனம் 1953-இல் வாங்கிவிட்டதால், உடலைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, தனிச் சேசிஸின் மேல் போல்ட்டால் முடுக்கும்படி அந்தக் கார் வடிவமைக்கப்பட்டது. கெட்டுப்போன பகுதியைக் கழற்றி மாற்ற இது மிக வசதி. ஆனால் இணைப்புகள் மிகுந்தால் மழைக்கு வாசல்களும் மிகும் அல்லவா? ஒவ்வொரு துண்டுக்கும் இடையில் ரப்பர்ப் பட்டையை வைத்தார்கள். அந்தப் பட்டைகள் தளர்ந்தபோது மழைநீர் உள்ளே வந்தது. மழை ஒழுகல் அந்த வகைக் கார்களின் பெயரோடு ஒட்டிக்கொண்ட குறையாயிற்று. ஒரு வசதியைப் பெறும்போது இன்னொரு வசதியை விட்டுக்கொடுக்க வேண்டியிருப்பது பொறியியலில் எங்கும் காணும் நியதி.

ரப்பர் கண்ட வெயில்

இனி, எல்லோரும் பழி சுமத்தும் ரப்பரைப் பார்ப்போம். 1823-இல் சார்லஸ் மாகின்டோஷ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ரப்பரை நாப்தாவில் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி, மழை புகாத துணி செய்தார். வெயில் காலத்தில் அது பிசுபிசுத்தது. குளிர் காலத்தில் விறைத்தது. 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்துடன் சூடாக்கினால் இந்த இரண்டு குறைகளும் நீங்குவதைக் கண்டார். 1844-இல் காப்புரிமை பெற்றார். ஏறக்குறைய அதே சமயத்தில் இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக்கும் அம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். உலகுக்கு இவ்வளவு பெரிய செல்வத்தைத் தந்த குட்இயர் 1860-இல் கடனாளியாகவே இறந்தார்.

கந்தகம் என்ன செய்கிறது? ரப்பரின் மூலக்கூறுகள் மிக நீண்ட சங்கிலிகள். சேமியா இழைகள் போல ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். இழுத்தால் வழுக்கி நகரும். கந்தக அணுக்கள் இந்தச் சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பாலங்களாக அமைகின்றன. பிறகு இழுத்தாலும் அழுத்தினாலும் சங்கிலிகள் பழைய இடத்துக்கே திரும்பி வரும். மூடியை மூடும்போது ரப்பர் நசுங்கி, திரும்பத் தள்ளி, இடைவெளியை நிரப்புவது இந்தக் குணத்தால்தான்.

1876-இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை இலண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அங்கு முளைத்த நாற்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. பின்னர் கேரளத்திலும் நம் கன்னியாகுமரிப் பகுதியிலும் ரப்பர்த் தோட்டங்கள் பரவின. கார்த் தொழில் ஆசியாவின் ரப்பரை நம்பி வளர்ந்தது.

ஆனால் இயற்கை ரப்பருக்கு ஒரு பகைவன் உண்டு: காற்றில் மிக மிகச் சிறிய அளவில் இருக்கும் ஓசோன். ரப்பரின் சங்கிலியில் ஆயிரக்கணக்கான இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. ஓசோன் அவற்றைத் தாக்கிச் சங்கிலியை அறுக்கிறது. ரப்பர் இழுபட்டோ வளைந்தோ இருக்கும் இடத்தில்தான் வெடிப்பு தோன்றும். அதுவும் இழுவிசைக்குக் குறுக்காகவே ஓடும். டிக்கி பீடிங்கின் நேரான பகுதி நன்றாக இருக்க, மூலை வளைவுகளில் மட்டும் வெடிப்புகள் காணப்படுவதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா? நம் சமவெளியின் சித்திரை, வைகாசி வெயில் இதற்குத் துணை போகிறது. வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது வேதியியலாரின் கைக்கணக்கு.

இந்தப் பகைவனை எதிர்க்கச் செயற்கை ரப்பர்கள் பிறந்தன. 1930-இல் அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வகத்தில், காரதர்ஸின் குழுவில் நியோபிரீன் கண்டுபிடிக்கப்பட்டது. 1950-களில் ஸீக்லர், நாட்டா என்ற இரு அறிஞர்கள் கண்ட வினையூக்கிகள் இன்னொரு வழியைத் திறந்தன; அவர்களுக்கு 1963-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவ்வழியில் எத்திலீனையும் புரோப்பிலீனையும் கோத்து 1960-களில் உருவானது இ.பி.டி.எம். என்ற ரப்பர். அதன் முதன்மைச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பே இல்லை. கந்தகப் பாலத்துக்குத் தேவையான சில பிணைப்புகள் பக்கவாட்டில் மட்டும் உள்ளன. ஓசோன் தாக்கினாலும் சங்கிலி அறுவதில்லை. இன்றைய கார்களின் கதவு, டிக்கி ரப்பர்கள் பெரும்பாலும் இவ்வகையே.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். காய்ந்த பீடிங்கை மென்மையாக்குவதாக எண்ணிச் சிலர் கிரீஸோ என்ஜின் ஆயிலோ தடவுகிறார்கள். இயற்கை ரப்பரும் இ.பி.டி.எம். ரப்பரும் கனிம எண்ணெயில் ஊறி உப்பி வலிமை இழக்கும். அது மருந்தன்று, நஞ்சு.

முதல் அரண் ரப்பர் அன்று

இப்போது நம் கேள்விக்கு வருவோம். புது ரப்பர் போட்டும் ஏன் ஒழுகுகிறது?

டிக்கியைத் திறந்து, மூடி உட்காரும் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். ரப்பருக்கு வெளிப்புறமாக ஒரு சிறு வாய்க்கால் ஓடுவதைக் காண்பீர்கள். மூடிக்கும் உடலுக்கும் இடையில் எப்போதும் சிறிது இடைவெளி உண்டு. மழைநீர் அதன் வழியாக உள்ளே இறங்கத்தான் செய்யும். இறங்கட்டும் என்று விட்டுத்தான் வடிவமைத்திருக்கிறார்கள். இறங்கிய நீரை அந்த வாய்க்கால் ஏந்திச் சென்று, கீழ்ப்புறமாக வெளியே விட்டுவிடும். தெறிக்கும் துளிகளையும் காற்றையும் தடுப்பதே ரப்பரின் வேலை. முதல் அரண் வாய்க்கால். இரண்டாம் அரண்தான் ரப்பர்.

நம் ஓட்டு வீடுகளும் இப்படித்தான். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையில் யாரும் பசை பூசுவதில்லை. மேல் ஓட்டின் நீர் கீழ் ஓட்டின் மேல் விழுந்து சரிந்து போகிறது. நம் ஏரிகளைப் பாருங்கள். கரை எவ்வளவு உறுதியாக இருந்தாலும், மிகுந்த நீர் வழிந்தோட ஒரு கலங்கல் வைத்துத்தான் நம் முன்னோர் கட்டினார்கள். கலங்கலை அடைத்துவிட்டுக் கரையை மட்டும் உயர்த்துகிறவன் ஏரியை உடைக்கிறான்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு மழையில் 25 மில்லிமீட்டர் பெய்வதாகக் கொள்வோம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் நீர். டிக்கி மூடி, பின்கண்ணாடி, கூரையின் பின்பாதி ஆகியவற்றின் நீர் டிக்கிப் பக்கமே வழிகிறது. அப்பரப்பு 3 சதுர மீட்டர் என்றால் 75 லிட்டர்! இதில் நூற்றில் ஒரு பங்கு உள்ளே போனாலும் முக்கால் லிட்டர். இன்னொரு கணக்கு: ஒரு சொட்டு ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர். நொடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகினால் ஒரு மணி நேரத்தில் 180 மில்லிலிட்டர் சேரும். இரவு முழுவதும் பெய்தால் ஒரு செம்பு நிறைய வேறு என்ன வேண்டும்?

வாய்க்காலில் புழுதியும் வேப்பிலைச் சருகும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் நீர் மட்டம் உயர்ந்து ரப்பரின் மேலேறி வழியும். அப்போது எவ்வளவு விலையுயர்ந்த ரப்பரும் பயன்படாது.

தண்ணீர் செய்யும் ஏமாற்று

டிக்கியில் நீர் தேங்கியிருக்கும் இடம் வேறு. நீர் புகுந்த இடம் வேறு. இரண்டு கண்ணாடித் தகடுகளை மிக நெருக்கமாக வைத்து, அடி விளிம்பை நீரில் தோய்த்துப் பாருங்கள். நீர் தானே மேலேறும். மேற்பரப்பு இழுவிசையால் விளையும் இதனை நுண்புழை ஏற்றம் என்று படித்திருப்பீர்கள். தூய தகடுகளுக்கிடையே 0.1 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், நீர் கணக்குப்படி 14 சென்டிமீட்டருக்கும் மேல் ஏறும். காரின் தகட்டு இணைப்புகளும் இத்தகைய இடுக்குகளே. பின்கண்ணாடி ரப்பரின் அடியில் புகுந்த நீர், இடுக்கு வழியே ஊர்ந்து, தகட்டின் அடிப்பக்கத்தை ஒட்டிக்கொண்டே சென்று, இரண்டு அடி தள்ளி ஒரு மூலையில் சொட்டக்கூடும். சொட்டுகிற இடத்தில் பசை பூசுவதால் என்ன பயன்?

அப்படியானால் வழியைக் கண்டுபிடிப்பது எப்படி? நம் ஊர்ப் புழுதியே இதற்கு உதவும். மண் சாலையில் ஓடும் பேருந்தின் முன்பக்கத்தைவிடப் பின்கண்ணாடியில்தான் புழுதி அதிகம் படிவதைப் பார்த்திருப்பீர்கள். ஓடும் வண்டி காற்றைக் கிழித்துச் செல்வதால் அதன் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. புழுதி சுழன்று அங்கே வருகிறது. டிக்கியில் இடுக்கு இருந்தால் அந்தப் புழுதி அதன் வழியே உள்ளே நுழைந்து ஒரு கோடாகப் படியும். காற்று வந்த வழியே பெரும்பாலும் நீர் வந்த வழி.

புழுதி வந்தால் புகையும் வரும்

இதில் ஒரு பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. சைலன்சர் குழாயின் வாய் டிக்கிக்கு அடியில்தான் இருக்கிறது. புழுதி நுழையும் இடுக்கில் புகையும் நுழையும். பெட்ரோல் என்ஜின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் சேர்கிறது. இந்தியாவில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி 1995-இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில்தான் முதலில் கட்டாயமாயிற்று. அதற்கு முந்திய கார்களில் அந்தக் காப்பு இல்லை. நெடும்பயணத்தில் பின் இருக்கையில் உள்ளவர்களுக்குத் தலைவலியும் மயக்கமும் வந்தால் அதை வெயிலின் மேல் போட்டுவிடாதீர்கள். வண்டியை நிறுத்திக் காற்றோட்டமான இடத்தில் இறங்குங்கள். சைலன்சரையும் டிக்கியையும் சோதியுங்கள். ஒழுகும் டிக்கி நனைந்த பாயைப் பற்றிய சங்கதி மட்டுமன்று, உயிரைப் பற்றியது என்பதற்காகவே இதை விரித்து எழுதுகிறேன்.

சோதிக்கும் முறை

முதலில் டிக்கியைக் காலி செய்து, பாயையும் ஸ்டெப்னியையும் எடுத்து, நன்றாக உலர்த்துங்கள். புழுதிக் கோடுகளையும் துருக் கறைகளையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பின், வாய்க்காலைத் துடைத்து, நீர் வடியும் துளைகளை ஈர்க்குச்சியால் குத்தி விடுங்கள். பல கார்களில் வேலை இத்துடனே முடிந்துவிடும்.

அடுத்து ரப்பர். நாளிதழின் ஒரு துண்டை விளிம்பில் வைத்து மூடியை மூடி, மெல்ல இழுங்கள். இறுக்கமாக வந்தால் ரப்பர் அங்கே அழுந்துகிறது. தளர்வாக வந்தால் இல்லை. ஓர் அடிக்கு ஓர் இடமாகச் சுற்றிலும் பாருங்கள். ஒரு பக்கம் முழுவதும் தளர்வாக இருந்தால் குற்றம் ரப்பரில் இல்லை. கீல் அல்லது பூட்டு இடம் மாறியிருக்கிறது.

பிறகு இணைப்புகளின் ஓரமாகச் சுண்ணக்கட்டித் தூளைத் தூவி, குழாய் நீரை வேகமில்லாமல் விடுங்கள். கீழிருந்து தொடங்குங்கள்: முதலில் சக்கர வளைவின் அடிப்புறம், பின் பின்விளக்குகள், பின் மூடியின் விளிம்பு, கடைசியாகப் பின்கண்ணாடி. ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம் நிறுத்தித் தூளைப் பாருங்கள். மேலிருந்து ஊற்றினால் எல்லாமே நனைந்துவிடும். எது குற்றவாளி என்று தெரியாது. கீழிருந்து ஒவ்வொன்றாகப் போனால், எந்தப் படியில் தூளில் கோடு விழுகிறதோ அதுவே வாசல். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்ற ஆய்வுக்கூட விதியேதான் இது.

ஒளிபுகும் இடத்தைக் காண ஆளை உள்ளே வைத்து மூடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதைச் செய்யவே கூடாது. குழந்தைகளை ஒருபோதும் டிக்கிக்குள் விளையாட விடக்கூடாது. அமெரிக்காவில் 2001 செப்டம்பர் முதல் செய்யப்படும் கார்களின் டிக்கியில், உள்ளிருந்தே திறக்கும் கைப்பிடி இருக்க வேண்டும் என்று விதி வந்தது. நம் பழைய கார்களில் அது கிடையாது.

வாசல் தெரிந்துவிட்டால் மருத்துவம் எளிது. பின்விளக்கின் ரப்பர் வட்டமானால் அதை மட்டும் மாற்றலாம். தகட்டு இணைப்பானால் உதிர்ந்த பழைய பசையைச் சுரண்டி, துருவை நீக்கி, முற்றிலும் உலர்ந்த பின் ரெட் ஆக்சைடு அடித்து, கார் இணைப்புக்கென விற்கும் சீலன்ட்டைப் பூச வேண்டும். புளிக்காடி மணம் வீசும் சிலிகோன் பசையை வெறும் இரும்பில் பூசாதீர்கள். உலரும்போது அது வெளிவிடும் அசெட்டிக் அமிலம் இரும்பை அரிக்கும். பீடிங் புதிதாகப் போட்டால் அதன் இரு முனைகளும் சேரும் இடம் கீழ்ப்புறத்தில் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீர் வடியும் துளைகளை 'ஓட்டை' என்று எண்ணி அடைத்துவிடாதீர்கள்.

ஈரம் நிலைத்தால் வருவது துரு. துருவாக மாறும் இரும்பு பருமனில் பெருகி, மேலிருக்கும் வண்ணத்தைத் தூக்கிவிடும். அடியில் இன்னும் நீர் தங்கும். கஞ்சமலையின் இரும்புத் தாதுவால் பெயர் பெற்ற சேலத்தில், 1981-82 முதல் உருக்காலை துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளை உருட்டித் தருகிறது. அந்த எஃகில் குறைந்தது நூற்றுக்குப் பத்தரைப் பங்கு குரோமியம் இருப்பதால் அது தன்னைத்தானே காத்துக்கொள்கிறது. பழைய காரின் தகட்டுக்கு அந்தப் பேறு இல்லை. அதைக் காக்க வேண்டியவர்கள் நாம்.

குட்இயர் முதல் நாட்டா வரை அறிஞர் பலர் உழைத்து நல்ல ரப்பரைத் தந்திருக்கிறார்கள். ஆனால் தார்ப்பாயைச் சரிவாகக் கட்டும் நாமக்கல் லாரி ஓட்டுநரின் அறிவும், ஏரிக்குக் கலங்கல் வைத்த முன்னோரின் அறிவும் அதனோடு சேர்ந்தால்தான் டிக்கி நனையாமல் இருக்கும். அடுத்த மழைக்கு முன், உங்கள் வீட்டிலோ தெருவிலோ நிற்கும் பழைய காரின் டிக்கியைத் திறந்து, அந்தச் சிறு வாய்க்காலில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். அது எங்கே போய் விழுகிறது என்பதைக் கண்டுவிட்டால் பாதிப் பழுதைத் தீர்த்துவிட்டீர்கள்.